எண்ணெய் இப்போ வேண்டாம்

என் பிள்ளைக்கு,

இங்க எல்லாரும் சுகம். தேங்காய் வெட்டியாச்சு. மற்ற விசேஷம் பிறகு எழுதுறேன்.

ரூமில அஞ்சு பேர் இருக்கிறீங்க, கம்பியும் பைப்பும் கிடக்கிற இடத்தில வேலை. யாருக்காவது கால் பிசகினா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான் இது.

பெட்டியில வச்சு விட்ட முறிவெண்ணெயை முதல் மூணு நாள் எடுக்கவே கூடாது. நம்ம ஊர்ல சுளுக்குன்னாலே தடவத்தான் கை போகும். மூட்டைப் பிடிச்சு நிக்கிற நார் கிழிஞ்சு உள்ள ரத்தம் கசியுற நேரம் அது. தேய்ச்சாலும், சுடுதண்ணி ஊத்தினாலும் வீக்கம் கூடும். சுளுக்குத் தடவுற ஆசான் கையே ஆனாலும் எலும்பு முறியலேன்னு தெரிஞ்ச பிறகுதான்.

ஐஸைத் துணியில சுத்தி 15 முதல் 20 நிமிஷம் வை, ரெண்டு மூணு மணிக்கூருக்கு ஒருக்கா. வெறும் ஐஸ் பட்டா தோல் வெந்துபோகும். வச்சுக்கிட்டே தூங்கிடாதே.

4 இஞ்ச் கிரேப் பேண்டேஜ் வாங்கு. பாதத்தை ‘ட’ மாதிரி நேரா வச்சு, விரலடியில தொடங்கி, குதிகால் சுத்தி, கணுக்கால்ல 8 போல குறுக்கே போட்டு மேல ஏறு. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில பாதியை மூடணும். மேலயிருந்து கீழ சுத்தினா நீர் முழுக்க விரலுக்கு இறங்கும். கட்டின பிறகு பெருவிரல் நகத்தை அழுத்தி விடு. ரெண்டு விநாடியில சிவப்பு திரும்பலேன்னாலோ, விரல் மரத்தாலோ, அவிழ்த்துத் தளர்த்திக் கட்டு. ராத்திரி கட்டு வேண்டாம். காலை நெஞ்சுக்கு மேல உயர்த்தி, தலையணை அடுக்கி வை.

நீ அனுப்பின போட்டோவில இடது ஷூ மட்டும் லேஸ் கட்டாம தளர்ந்து கிடந்தது. ஒரு மாசமும் தவறாம பணம் அனுப்புற பிள்ளை நீ, எனக்குப் பெருமைதான். அதுக்காக காலை மறைச்சு வேலைக்கு இறங்குறது சரியில்ல. பாராசிட்டமால் போட்டு வலியை அமுக்கிட்டு ஏணியும் ஏறாதே.

நொண்டியாவது நாலு அடி வைக்க முடியலேன்னா எக்ஸ்ரே எடுக்கணும். கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் புடைச்சு நிக்கிற கணுமுட்டியோட பின்ஓரத்தில எலும்பு மேல அழுத்தி வலிச்சாலும் எடுக்கணும். சுண்டுவிரல் பக்கம் பாதத்து நடுவில துருத்துற எலும்பையும் அழுத்திப் பாரு. அதைத்தான் பலரும் விட்டுடுறாங்க. குலசேகரத்துச் சித்தப்பா கால் உனக்கு ஞாபகம் இருக்கும்.

கன்னின இடம் நீலம், பச்சை, மஞ்சள்னு மாறும், விரல் வரைக்கும் இறங்கும். பயப்படாதே, கட்டின ரத்தம் கரையுது. ரெண்டு வாரம் போல ஆகும்.

மூணாம் நாள்ல இருந்து வலி பொறுக்கிற அளவுக்குப் பாதத்தை மேலயும் கீழயும் அசை. வீக்கம் வற்றின பிறகு எண்ணெய் மெல்லப் பூசு. நடக்க ஆன பிறகு, சுவரைப் பிடிச்சு ஒத்தக்கால்ல நின்னு பழகு. இதை விட்டா அதே கால் திரும்பத் திரும்பப் பிசகும். எண்ணெய் மட்டும் இப்போ வேண்டாம், கேட்டியா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில கூப்பிடும்போது முகத்தை மட்டும் காட்டாதே. ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டு. ஒண்ணை மட்டும் பார்த்தா எனக்கு வீக்கம் எவ்வளவுன்னு தெரியாது.

அம்மா