இரட்டிப்பு என்றால் எத்தனை வருடத்தில்?

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள பவித்ரா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நீ வங்கியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்சூரன்ஸ் பாலிசிப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், பாதியில் நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் கொடு.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தின் பின்பக்கங்களில் ‘ஃப்ரீ லுக் பீரியட்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பாலிசி உன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். அதற்குள் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, இத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான சிறு தொகை, இவை போக மீதிப் பணத்தை அவர்கள் திருப்பித் தந்தாக வேண்டும். இது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ போட்ட விதி. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருடம் ஒரு லட்சம் வீதம் 10 வருடம் கட்டினால், 20 வருட முடிவில் 20 லட்சம் கேரண்டியாக வரும், போட்ட பணம் இரட்டிப்பு என்று வங்கியில் சொன்னார்கள் என்றாய். பத்திரத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘இரட்டிப்பு’ என்பதோடு வருடத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் அது நல்லதா, சுமாரா என்று தெரியும்.

நான் தபால் ஆபீஸ் சேமிப்பு கவுண்டரில் இருந்த காலத்தில், கிசான் விகாஸ் பத்திரம் வாங்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மஞ்சள் விற்ற பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு வருவார்கள். பத்தாம் வகுப்புத் தாண்டாதவர்கள்தான். “எப்பங்க டபுளாகும்?” என்பார்கள். வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்கமாட்டார்கள், மாதக் கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். நீ படித்த படிப்புக்கு அந்தக் கேள்வியை நீயும் கேட்டிருக்க வேண்டும் கண்ணு. இன்றைக்கு அந்தப் பத்திரம் 7.5 சதவீத வட்டியில் 115 மாதத்தில், அதாவது 9 வருடம் 7 மாதத்தில் இரட்டிப்பாகிறது.

உன் பாலிசியில் என்ன நடக்கிறது பார். முதல் லட்சம் 20 வருடம் அங்கே கிடக்கிறது. கடைசியாகக் கட்டும் பத்தாவது லட்சம்கூட 11 வருடம் கிடக்கிறது. அப்படிக் கிடந்த பிறகுதான் மொத்தமும் இரட்டிப்பு. இதை ஒரே வட்டி விகிதமாக மாற்றிச் சொல்வதற்குத்தான் ஐஆர்ஆர் என்று பெயர். நீ கட்டும் ஒவ்வொரு லட்சமும் கட்டிய நாளிலிருந்து ஒரே வட்டியில் வளர்ந்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து 20 லட்சமாக வேண்டுமானால், அந்த வட்டி எவ்வளவு? அதுதான் ஐஆர்ஆர். எக்செல்லில் 10 வரிசைக்கு மைனஸ் ஒரு லட்சம், அடுத்த 10 வரிசைக்குப் பூஜ்யம், 21ஆவது வரிசையில் 20 லட்சம் போட்டு, கீழே ஐஆர்ஆர் ஃபார்முலாவைக் கொடுத்துப் பார். நானும் போட்டுப் பார்த்தேன். சுமார் 4.5 சதவீதம் வருகிறது.

இதே பணத்தை பிபிஎஃப் என்ற அரசாங்கச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால்? அங்கே இப்போது 7.1 சதவீதம். அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் வட்டி என்பதால் கூடலாம், குறையலாம். இதே வட்டி நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 20 வருட முடிவில் 29 லட்சத்தைத் தாண்டும். 15 வருடத்தில் முடிகிற கணக்குதான், ஐந்து வருடம் நீட்டித்துக்கொள்ளலாம். பாலிசியில் முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை என்றும் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். பிபிஎஃப் வட்டிக்கும் வரி இல்லை. கிசான் விகாஸ் பத்திரத்துக்கு மட்டும் வட்டிக்கு வரி உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“ஆனால் இன்சூரன்சும் இருக்கிறதே அம்மா” என்பாய். இருக்கிறது. ‘சம் அஷ்யூர்ட்’ என்று போட்டிருக்கும் தொகையைப் பார், 10 லட்சம். நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால் (எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்) உன் சம்பளத்தை நம்பி வாங்கியிருக்கும் வீட்டுக் கடனில் ஒரு மூலைக்குக்கூட அது காணாது. உனக்கு வேண்டியது டெர்ம் இன்சூரன்ஸ், குறிப்பிட்ட காலத்துக்கு உயிருக்கு மட்டும் எடுக்கும் காப்பீடு. காலம் முடிந்து நாம் நன்றாக இருந்தால் ஒரு பைசாவும் திரும்பி வராது. அதனால்தான் பிரீமியமும் குறைவு. உன் வயதில் ஒரு கோடிக்கு எடுத்தால்கூட, இப்போது கட்டும் ஒரு லட்சத்தில் சிறு பங்குதான் ஆகும். பணம் திரும்பி வராது என்பதாலேயே நம் ஆட்களுக்கு அது பிடிப்பதில்லை. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை: காப்பீட்டைத் தனியாக எடு, சேமிப்பைத் தனியாகச் செய்.

இந்த 30 நாளை விட்டுவிட்டால் அப்புறம் ‘சரண்டர் வேல்யூ’ பேச்சுக்குத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் கையில் கிடைக்கும் தொகை அது. 2024 அக்டோபரில் விதி மாறியதிலிருந்து ஒரு வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலும் ஓரளவு கிடைக்கிறது. ஆனாலும் ஆரம்ப வருடங்களில் போட்டதைவிடக் குறைவாகத்தான் வரும்.

அடுத்தது நீ கேட்ட எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது. மாதம் 10,000 போடலாம் என்கிறாய், நல்ல யோசனை. 10 ரூபாய்க்கு யூனிட் தருகிற புது ஃபண்டு வந்திருக்கிறது, மலிவு என்று தோழி சொன்னாளாமே, அதை மட்டும் நம்பாதே. என்ஏவி என்கிற யூனிட் விலை, ஃபண்டிடம் இருக்கும் மொத்தச் சொத்தை யூனிட் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு. 10,000 ரூபாய்க்கு 10 ரூபாய் ஃபண்டில் 1,000 யூனிட் வரும், 100 ரூபாய் ஃபண்டில் 100 யூனிட் வரும். இரண்டும் 10 சதவீதம் வளர்ந்தால் இரண்டிலும் உன் கையில் இருப்பது 11,000 தான். யூனிட் எண்ணிக்கையில் லாபம் இல்லை.

பார்க்க வேண்டியது ‘எக்ஸ்பென்ஸ் ரேஷியோ’. ஃபண்டை நடத்தும் செலவுக்காக வருடாவருடம் உன் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சதவீதம். பில் எதுவும் வராது, என்ஏவியிலேயே கழித்துவிடுவார்கள். அதனால் கண்ணுக்குத் தெரியாது. 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டுக்கும் ‘ரெகுலர்’, ‘டைரக்ட்’ என்று இரண்டு பிளான் உண்டு. ஃபண்டு ஒன்றுதான், அதே மேலாளர், அதே பங்குகள். ரெகுலரில் விற்றுக் கொடுப்பவருக்கான கமிஷன் சேர்ந்திருக்கும், டைரக்டில் இருக்காது. வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள். மாதம் 10,000 வீதம் 25 வருடம் போடுகிறாய். 12 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 1 கோடியே 90 லட்சம். 11 சதவீதத்தில் சுமார் 1 கோடியே 59 லட்சம். 12 வரும் என்று நான் உறுதி சொல்லவில்லை, சந்தை எப்படிப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது, கணக்குக்காகத்தான் எடுத்தேன். ஆனால் வித்தியாசத்தைப் பார்த்தாயா, 30 லட்சத்துக்கு மேல். 25 வருடத்தில் நீ கட்டும் மொத்தப் பணமே 30 லட்சம்தான். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

உண்மையாகவே கூட இருந்து, சந்தை விழும்போது பயந்து எடுத்துவிடாதே என்று தடுத்துச் சொல்கிற ஆள் இருந்தால் கமிஷன் கொடுப்பதில் தப்பில்லை. உனக்கு அப்படி யாரும் இல்லையே, ஃபார்மில் டிக் போட்டுக் கொடுத்தவர் மட்டும்தானே இருக்கிறார்? அதனால் டைரக்ட் பிளான் போதும்.

‘சராசரி லாபம்’ என்று யாராவது சொன்னால் சிஏஜிஆர் எவ்வளவு என்று திருப்பிக் கேள். ஒரு லட்சம் போட்டாய், முதல் வருடம் 50 சதவீதம் ஏறி ஒன்றரை லட்சம் ஆகிறது, அடுத்த வருடம் 50 சதவீதம் விழுந்து 75,000 ஆகிறது. சராசரி பார்த்தால் பூஜ்யம், நஷ்டமே இல்லாத மாதிரி இருக்கும். கையில் 25,000 குறைந்திருக்கும். போட்டதும் இன்றிருப்பதும் எவ்வளவு என்று பார்த்து, வருடத்துக்கு எத்தனை சதவீதம் கூட்டு வளர்ச்சி என்று சொல்வது சிஏஜிஆர்.

டெட் ஃபண்டை, அதாவது கடன் பத்திரங்களில் பணம் போடும் ஃபண்டை, ‘வங்கி எஃப்டி மாதிரிதான்’ என்று சொல்லி விற்றால் ஒத்துக்கொள்ளாதே. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன் ஒரு லட்சமாக இருந்ததை உயர்த்தினார்கள். ஃபண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது உனக்கு நினைவிருக்கும், ஊரடங்கு நேரம். பணம் பிற்பாடு தவணை தவணையாகத் திரும்பி வந்தது, ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டவர்களுக்குக் கையில் இல்லை.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். பழைய கார் வாங்கக் கடன் பார்க்கிறார் என்றாயே, 10 சதவீதம் என்றால் அது ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா என்று கேட்கச் சொல். ஃபிளாட் என்றால் ஒரு லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 30,000, மாதத் தவணை 3,611. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. வீட்டுக் கடன் கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 18 சதவீத வட்டி. அவர் கெட்டிக்காரர், கேட்டால் புரிந்துகொள்வார். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக நாமினி, நமக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள நாம் எழுதி வைக்கும் பெயர். கவுண்டரில் ஒரு அம்மா வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. வீட்டுக்காரர் தவறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாஸ்புக்கை நீட்டினார், நாமினி என்ற இடத்தில் அவருடைய மாமியார் பெயர். கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்ட கணக்கு, மாற்றவே இல்லை. மாமியார் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பணம் அவருக்கு வந்து சேர்ந்தது, ஆனால் வாரிசுச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், கொழுந்தனார், நாத்தனார் கையெழுத்து என்று தாலுகா ஆபீசுக்கும் எங்கள் ஆபீசுக்கும் எத்தனை நடை! பாஸ்புக்கின் ஓரத்தைத் தடவிக்கொண்டே “இதுல எம்பேரு இல்லீங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர், உரிமை வாரிசுகளுக்குத்தான். பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டம் திருத்தினார்கள். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம்.

உன் பிஎஃப்பில் இன்னும் என் பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் எதிரில்தான் எழுதினாய். கல்யாணம் ஆன பிறகு அதைப் புதிதாக எழுத வேண்டும். யுஏஎன் என்கிற உன் பிஎஃப் எண்ணைக் கொடுத்து நுழையும் தளத்தில் இ-நாமினேஷன் பகுதியில் மாப்பிள்ளை பெயரைப் போட்டு, ஆதார் ஓடிபி கொடுத்து முடித்துவிடு. எனக்கு இதில் வருத்தம் துளியும் இல்லை. உன் பேங்க் கணக்கு, பங்குகள் வைத்திருக்கும் டீமேட் கணக்கு இரண்டிலும் அப்படியே பார்.

ஃப்ரீ லுக் கடிதத்தைக் கிளையில் நேரில் கொடுத்தால் ஒரு நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள். மெயிலும் அனுப்பு. வாங்கிய அன்றே நகலை எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா