எங்கள் லயத்தில் அடுத்த அறை இல்லை

மாவட்டத்தில் இணையவழி மனநல சிகிச்சையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, எழுதுகிறேன். போன திங்கட்கிழமை அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. தூக்கமின்மைக்கு ஆன்லைனில் நடந்துவந்த சிகிச்சையை "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி முடித்துவிட்டதாக மலையாளத்தில் சொன்னார்கள். அம்மா "சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம் வந்து, "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். சரிவில் நின்று, குனிந்து, சாக்கை முதுகில் சுமந்து இறங்கியே இடுப்பு போய்விட்டது. ஒன்பது வருஷமாக வலி, ஆறு வருஷமாகத் தூக்கம் இல்லை. வலியால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. மாத்திரையைவிட முதலில் கொடுக்க வேண்டியது இந்தப் பேச்சு வழி, பழக்கம் மாற்றும் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் சங்கமொன்று 2016லேயே வழிகாட்டியிருக்கிறது. வலிக்காரர்களுக்கும் இதனால் தூக்கம் மேம்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, வலி குறைவது கொஞ்சம்தான் என்றாலும். அதனால்தான் நானே அம்மாவை வற்புறுத்திச் சேர்த்தேன்.

முதல் பாடத்திலேயே சொன்னது: இருபது நிமிஷம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், தூக்கம் வந்ததும் படுக்கைக்குத் திரும்புங்கள். நல்ல விதிதான், படுக்கையைப் பார்த்தாலே மனசு பயப்படுவதை மாற்றத்தான் அது. ஆனால் எங்கள் லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி, ஐந்து பேர். அம்மா தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். எழ வேண்டுமானால் முதலில் ஒருக்களித்து, முழங்காலை மடித்து, சுவரைப் பிடித்து எழ வேண்டும், அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் எங்கே போவது? டிசம்பர் குளிரில் அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். விதியை மீறக் கூடாது என்று ஒரு ராத்திரியில் மூன்று தடவை எழுந்தார். நாலாம் நாள் இடுப்பைத் தூக்க முடியவில்லை. ஒத்துழைக்காதவர் செய்கிற வேலையா இது?

படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னதும் அப்படியே. பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுக்காதீர்கள் என்றால், நாளெல்லாம் வேலை செய்த இடுப்புக்குச் சாய்வதுதானே ஓய்வு? தூங்காமல் சாய்ந்திருக்கலாமா என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். அம்மாவுக்குக் கடையில் பேசுகிற மலையாளம் தெரியும், "படுக்கும்போது மனசில் என்ன ஓடுகிறது" என்பதற்கு மலையாளத்தில் பதில் சொல்லத் தெரியாது. செயலியில் தூக்கக் குறிப்பு நிரப்புவதும் ஆங்கிலத்தில்தான். நான் டவுனில் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைதான் வீடு. மூன்று வாரம் காலியாக இருந்தது அதனால்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: வலியோடு தூங்க முடியாமல் கிடப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையைத் தமிழில், போனில் பேசி, அவர்கள் உடம்புக்கும் வீட்டுக்கும் ஏற்ற மாதிரி கொடுங்கள்.

முடியாத காரியமில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 பல இந்திய மொழிகளில் பேசுகிறது. இங்கே மட்டும் ஏன் தமிழ் என்றால் கை விரிக்கிறார்கள்? தேர்தல் வந்தால் லயம் லயமாகத் தமிழில் நோட்டீஸ் வருகிறது. மருந்துச் சீட்டும் பென்ஷன் படிவமும் மட்டும் வருவதில்லை. ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க கோட்டயமோ தேனியோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. நாட்டிலோ மாநிலத்திலோ புழக்கத்தில் உள்ள எந்த மொழியிலும் குறையை மனுவாகக் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. மனு கொடுக்கத் தமிழ் போதும், வைத்தியத்துக்குப் போதாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். வேலைப்பளு உங்களுக்கும் இருக்கும். ஆனாலும் தயவு செய்து "ஒத்துழைக்கவில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, அம்மாவை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஒரு ஆலோசகர் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போனில் பேசினால் போதும். எங்கள் வரிசையிலேயே இன்னும் நாலு அக்காமார் இதே இடுப்போடு விழித்துக் கிடக்கிறார்கள், அவர்களையும் சேருங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் அம்மா கோயில் மேட்டில் இருப்பார், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அவருடைய தூக்கக் குறிப்பும் இருக்கிறது. செயலியில் இல்லை, பழைய பள்ளிக்கூட நோட்டில், அவர் கையெழுத்தில், தமிழில். 19 ராத்திரி எழுதியிருக்கிறார்.