டிஸ்கை மட்டும் பிரதி எடுத்தால் போதாது

ஆசிரியருக்கு,

பருவமழைக்கு முன் அலுவலகக் கணினிகளைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் மின்சாரத்துக்காக நாள்கணக்கில் காத்துக் கிடந்த டெல்டாக்காரர்களுக்குத் தேவையான கட்டுரைதான். ஆனால், மெய்நிகர் கணினியின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியின்) டிஸ்க் கோப்பை மட்டும் பென் டிரைவில் பிரதி எடுத்தால் போதும் என்ற வரி ஆபத்தானது. (பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறவே ஏறாது என்பது தனிக்கதை.)

இங்கே அரிசி ஆலைகளிலும் உரக்கடைகளிலும் பழைய கணக்கு மென்பொருளுக்காகவே விண்டோஸ் 7-ஐ மெய்நிகர் கணினியில் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. மாலையில் அதை யார் முறையாக ஷட்டவுன் செய்கிறார்கள்? ஜன்னலை மூடினால், நிலையைச் சேமிக்கவா என்று, மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான வெர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும். ஆமாம் என்று தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்போது ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) இருந்ததெல்லாம் தனிக் கோப்பாக எழுதப்படுகிறது. வெர்ச்சுவல்பாக்ஸில் அது ஸ்னாப்ஷாட்ஸ் என்ற உள்கோப்புறையில் கிடக்கும். அதே வகை மென்பொருளான விஎம்வேரில் விஎம்எஸ்எஸ், விஎம்இஎம் என்ற பின்னொட்டுகளோடு இருக்கும். கடைசியாகப் போட்ட நெல் வரவு டிஸ்கில் இறங்காமல் அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். டிஸ்கை மட்டும் கொண்டுபோய்த் திறப்பது, ஓடிக்கொண்டிருந்த கணினியின் பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம்.

இதைவிட மோசமான ஒன்றை ஓர் ஆலையில் பார்த்தேன். முந்தைய வாரத்து டிஸ்க் பிரதியை, அன்று நிலையைச் சேமித்த (சஸ்பெண்ட் செய்த) கோப்பு இருந்த கோப்புறையிலேயே போட்டு, அப்படியே எழுப்பிவிட்டார்கள். ரேமின் கணக்குப்படி டிஸ்கில் இருக்க வேண்டியது ஒன்று. உண்மையில் இருந்தது வேறு. விண்டோஸ் தன் போக்கில் மேலே மேலே எழுத, கோப்பு அமைப்பே குலைந்துபோனது. பழைய டிஸ்கை வைப்பதானால், சேமித்த நிலையை முதலில் நீக்கிவிட்டுத்தான் கணினியைத் தொடங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டுப் பிரதி எடுப்பதே நல்லது. யுபிஎஸ் கடைசி மூச்சில் இருக்கிறது, சஸ்பெண்ட் செய்வதைத் தவிர வழியில்லை என்றால், ரேம் முழுவதும் எழுதி முடியும்வரை பொறுத்திருந்து, மின்சாரம் வந்தபின் கோப்புறை முழுவதையும் சேர்த்து எடுக்கட்டும். அப்போதும், இன்டெல் சிப் உள்ள கணினியில் சஸ்பெண்ட் செய்ததை ஏஎம்டி சிப் உள்ள கணினியில் எழுப்பலாம் என்று நம்பியிருக்கக் கூடாது. மென்பொருளின் பதிப்பு மாறினாலும் தகராறு வரும்.

எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து சோதிப்பது எப்படி என்று அடுத்த இதழில் படங்களோடு எழுதச் சொல்லுங்கள். பேக்கப் எடுக்கிறவர்களில் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

– வாசகர், மன்னார்குடி