பழைய இணையப் பெயர் அனாதைச் சொத்தா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் தொழில்நுட்பக் கட்டுரையைப் படித்தேன். காலாவதியான டொமைன் பெயர்களை, அதாவது ஆண்டுக் கட்டணம் கட்டாமல் கெடு முடிந்த இணைய முகவரிப் பெயர்களை, ஏலத்தில் எடுத்து விற்பது கைமுதல் இல்லாத நம் இளைஞர்களுக்கு ஏற்ற தொழில் என்கிறார் கட்டுரையாளர். அவரவர் பிழைப்பு, அதில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் அவை யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன பெயர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதைத் தாங்கள் எப்படி அச்சேற விட்டீர்கள் என்று எனக்கு மனம் ஆறவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு டாட் காம் முகவரியில் ஓர் இணையத்தளம் இருந்தது. தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, சிதறிய குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்தது அங்கேதான். பள்ளிப் பதிவேட்டுப் பக்கங்கள், தீமிதிப் படங்கள், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கருமாதி என்ற செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெயரைப் பதிந்து ஆண்டுதோறும் தம் கைக்காசைக் கட்டிவந்த உறுப்பினர் காலமானார். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாட்களுக்குள்ளும் நினைவூட்டல் அனுப்பினால், பெயரைப் பதிந்துதரும் நிறுவனத்தின் கடமை தீர்ந்தது. அது இறந்தவரின் மின்னஞ்சலுக்குப் போனாலும் விதிப்படி சரியே.

தளம் மறைந்ததும் நிறுவனத்துக்கு எழுதினோம். கணக்கின் உரிமையாளரோடு மட்டுமே பேச முடியும் என்று பதில் வந்தது. அவருடைய மகன் இறப்புச் சான்றிதழை அனுப்பினார். அது பரிசீலனையில் இருக்கும்போதே எங்கள் பெயர் ஏலப் பட்டியலில் ஏறிவிட்டது. பழைய உரிமையாளர் பணம் கட்டித் திரும்பப் பெற 30 நாள் மீட்புக் காலம், பெயர் பதிவிலிருந்து நீங்க 5 நாள் காத்திருப்பு, அதன் பிறகு எவரும் பதியலாம் என்று கட்டுரையாளர் விளக்குகிறார். ஓரளவு மதிப்புள்ள பெயர் அந்தக் கட்டம்வரை வந்து சேர்வது அபூர்வம். அதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் எங்கோ உள்ள ஒரு வரியைக் காட்டி ஏலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

எங்கள் பெயரை நாங்களே ஏலம் கேட்கும் நிலை வந்தது. நாம் ஓர் உச்சத் தொகையை எழுதிவைத்தால், எதிராளி கேட்கக் கேட்க இயந்திரமே நம் சார்பில் விலையை ஏற்றிக்கொண்டு போகிறது. முடியும் தறுவாயில் யாராவது கேட்டால் நேரம் மறுபடி நீள்கிறது. எதிரே இருப்பவர் யாரென்று காட்டுவதில்லை. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த ரிங்கிட்டை டாலராக்கிக் கணக்குப் பார்த்தபடி விடியற்காலையில் உட்கார்ந்திருந்தோம். 2024 செப்டம்பரில் ஒரு டாட் காம் பெயருக்குப் பதிவு நிறுவனங்கள் கொடுத்த ஓராண்டு மொத்த விற்பனை விலை 10.26 டாலர்தான். அத்தகைய பெயருக்குச் சங்கத்தின் இருப்பு முழுவதும் போதவில்லை.

எதிராளி மெய்யான ஆள்தானா என்று நாங்கள் கேட்டால் அதை வீண் சந்தேகம் என்று தள்ள வேண்டாம். ஸ்னாப்நேம்ஸ் என்ற அமெரிக்க ஏல நிறுவனம், தன் ஊழியர் ஒருவரே 2005 முதல் வேறு பெயரில் ஏலம் கேட்டு வந்ததை 2009இல் ஒப்புக்கொண்டது. தங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வென்றவர் இன்று அங்கே சூதாட்டத் தளம் நடத்துகிறார். தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் பத்திரிகைகளும் ஆண்டுக்கணக்கில் எங்கள் தளத்துக்குத் தந்த இணைப்புகளால் தேடுபொறியில் அந்தப் பெயருக்கு நல்ல இடம் இருந்தது. அவர் வாங்கியது அதைத்தான். அதை உண்டாக்கிய எங்களுக்கு ஒரு சென் கிடையாது. முறையிடலாமே என்பார்கள். இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த தகராறு தீர்க்கும் முறையில், முதலில் வணிக முத்திரை உரிமையை நிரூபிக்க வேண்டும். உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஒரே நடுவர் விசாரித்தாலும் கட்டணம் 1,500 டாலர். ரப்பர் தோட்டத்தின் பெயருக்கு வணிக முத்திரை யார் வாங்கி வைத்திருப்பார்கள்?

சுங்கை சிப்புட்காரர்களிடம் சொத்து கைமாறுவதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும், ஐயா. வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறிய காலத்தில், எங்கள் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது தாங்கள் அறியாததல்ல. என் தந்தையாரும் சம்பளத்தில் மிச்சம்பிடித்து அதில் பங்கு எடுத்தவர். ஆனாலும் எங்கள் தோட்டம் தப்பவில்லை. வீடு போயிற்று. மாரியம்மன் கோயில் இடம் மாறியது. பள்ளி பட்டணத்துப் பக்கம் போனது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் இதழில் இடம் கிடைக்கவில்லை. இன்று சாலையோரப் பலகையில் இருப்பது ஏதோ ஒரு வீடமைப்புத் திட்டத்தின் பெயர். தோட்டத்தின் பெயர் மிச்சமிருந்தது இணையத்தில் மட்டுமே. அதையும் வேண்டாம் என்று நாங்கள் விட்டுப்போனதாகவா எழுதுவது?

தங்கள் மாணவர் பகுதியின் கடைசிப் பக்கத்தில் வரும் சங்கங்களின் பட்டியலில் எங்கள் பழைய முகவரி இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத் தட்டும் பிள்ளைகள் சூதாட்டப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். வரும் வாரமே அதை நீக்கிவிட வேண்டுகிறேன். சங்கத்தின் பெயரிலேயே பதிந்துள்ள புதிய டாட் மை (மலேசிய) முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
செயலாளர், முன்னாள் மாணவர் சங்கம்,
சுங்கை சிப்புட், பேராக்.