புதிய பிறேக் பேட் போட்டதும் ஏ9 வீதியில் ஏறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்துக் கிடப்பது பற்றி ஆளுக்காள் குறை சொல்கிறார்கள். மாட்டுக்காரரைத் திட்டுவது நியாயம்தான். ஆனால் மாட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய பிறேக்கைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். மாங்குளத்தில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

பிறேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இறுக்குகிற கட்டைதான் பேட். புதிய பேட் போட்டுக்கொண்டு போன பெடியன் மறுநாளே வந்து, "அண்ணை, பழையது இதைவிட நல்லாப் பிடிச்சது, இது டூப்ளிக்கேட்" என்று சண்டைக்கு நிற்பான். பேட்டில் பிழையில்லை. எங்கள் கிரவல் வீதிப் புழுதியில் ஓடிய டிஸ்க்கை, அதாவது சில்லோடு சுற்றும் உலோகத் தட்டை, நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள், வரிவரியாகத் தடக்கும். புதிய பேட்டின் முகமோ தட்டையானது. அந்த வரிகளின் மேட்டில் மட்டுமே அது முட்டும். பேட் கொஞ்சம் தேய்ந்து டிஸ்க்கோடு பொருந்த வேண்டும். பேட்டின் பொருளும் டிஸ்க் முழுவதும் மெல்லிய படையாக, ஒரே சீராகப் படிய வேண்டும். அதற்குப் பிறகுதான் முழுப் பிடி.

பேட் போடும்போது, பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். அதனால் முதல் தரம் லீவர் கைபிடி வரை வரும், பிறேக் இருக்காது. முற்றத்திலேயே லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்தி, இறுக்கம் வந்த பிறகு வெளிக்கிடுங்கள். ஆள் நடமாட்டமில்லாத, தார் போட்ட உள்வீதி ஒன்றுக்குப் போய், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 15 வரை, ரயர் இழுபடாமல் ஓரளவு அழுத்திப் பிடித்து விடுங்கள். முற்றாக நிறுத்த வேண்டாம். காற்றுப்படச் சற்றுத் தூரம் ஓடிவிட்டு மறுபடி அதே மாதிரி, எட்டுப் பத்துத் தடவை. அப்புறம் பிறேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கோடு லீவரை இறுக்கிப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் பேட் திட்டாகப் பதிந்து, பிறகு பிறேக் பிடிக்கும் நேரமெல்லாம் லீவர் துடிக்கும். அறுவடைக் காலத்தில் நெல் காயப்போட்டிருக்கும் வீதியில் இந்த வேலையே வேண்டாம்.

முதலில் கொஞ்சம் கீச்சிடலாம். அதற்காக டிஸ்க்கில் ஒயில் பூசிக்கொண்டு வந்தவரையும் கண்டிருக்கிறேன். அந்தப் பேட்டைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

பின் சில்லு ட்றம் பிறேக்கின் உள்ளே பேட்டின் வேலையைச் செய்கிற சூவும் இப்படிப் பழக வேண்டியதுதான். என்றாலும் வேகத்தில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிறேக்.

சக கராஜ்காரர்களே, ஒவ்வொரு வண்டியையும் ஓடிப் பழக்கிக் கொடுக்க நேரமில்லை, பெற்றோல் விற்கிற விலையும் தெரியும். காசு வாங்கும்போது வாயால் சொல்லியாவது விடுங்கள். பின்னேரம் வண்டியை எடுத்துக்கொண்டு ஒட்டுசுட்டான் காட்டு வழியால் முல்லைத்தீவுக்குப் போகிறவர்களை நான் பேட் மாற்றக் காலையில் வரச் சொல்கிறேன். முறைத்துக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போகிறவர்களும் உண்டு. போகட்டும், அங்கேயும் இதைச் சொன்னால் சரி.

மோட்டார் சைக்கிள் திருத்துநர்,
மாங்குளம்.