ரத்தம் துப்பினாத்தான் பாப்பீங்களா? சுகாதாரப் பொறுப்பில இருக்கிற பெரியாக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஸ்டெம் செல் (ரத்தத்த உண்டாக்கிற மூல அணு) ஏத்தி வீட்ட வாற நோயாளிகளுக்கு நுரையீரலுக்குள்ள ரத்தம் கசியிறதப் பற்றி திருகோணமலையில இருந்து நாங்க குடுத்த மனு உங்கட மேசைக்கு வந்திருக்கும், அதால முழுக்கதையும் திரும்ப எழுதல்ல. ஒண்ட மட்டும் சொல்றன்.

என்ர அத்தானுக்கு மயலோமா எண்ட ரத்தப் புற்றுநோய். கொழும்புப் பக்கம் அவரிட்ட இருந்தே எடுத்த ஸ்டெம் செல்ல திரும்ப ஏத்தி, வெள்ளணு கூடத் தொடங்கிட்டெண்டு வீட்ட விட்டாங்க. உப்புவெளிக்கு வந்து கொஞ்ச நாள்ல வறட்டு இருமல், காய்ச்சல், பிறகு அறையில இருந்து பாத்ரூமுக்குப் போறதுக்குள்ளயே ரெண்டு தரம் கதிரையப் பிடிச்சுக்கொண்டு நிண்டு மூச்சு எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். முதல் கேள்வியே "சளியோட ரத்தம் வந்ததா?" இல்லையெண்டம். பாணி மருந்தும் பனடோலும் தந்து அனுப்பிட்டாங்க. விரல்ல கொழுவிப் பாக்கிற அந்தச் சின்ன ஒட்சிசன் மெஷினக்கூட கொழுவல்ல. அதுக்கு ஒரு நிமிஷம் போகுமா ஐயா?

அண்டிரவே உதடு நீலமாப் போச்சு. பிறகுதான் எக்ஸ்ரே, ரெண்டு நுரையீரலும் வெள்ளையா இருந்திச்சு. ஹபரணை, தம்புள்ள தாண்டி 250 கிலோமீட்டருக்கு மேல அம்புலன்ஸ்ல திரும்பக் கொழும்புப் பக்கம் கொண்டுபோய், அங்க குழாய் விட்டு நுரையீரலக் கழுவினா ஒவ்வொரு தரமும் தண்ணி கூடக்கூடச் சிவப்பா வந்ததாம். உள்ளுக்க ரத்தக்கசிவு. வென்டிலேட்டர்ல போட்டாங்க, அத்தான் மீளல்ல.

இப்பிடி நுரையீரலுக்குள்ள கசியிற கனபேருக்கு ரத்தம் வெளிய வாறதே இல்ல, காத்துப்பைக்குள்ளயே நிக்கும். ஸ்டெம் செல் ஏத்தின முதல் 30 நாளுக்குள்ள, புது அணு பிடிக்கிற நேரத்திலதான் கூட வரும், பிந்தியும் வரலாம். 100 பேருக்கு 5 பேர் மட்டில, ஆனா வந்தவங்கள்ல பாதிக்கு மேல தப்புறதில்ல. நேரத்தோட பிடிச்சிருந்தா அத்தான் இருந்திருப்பார் எண்டு நான் அடிச்சுச் சொல்லல்ல, அவருக்குக் கிடைக்கவேண்டிய நேரத்தக் குடுக்கல்ல எண்டுதான் சொல்றன்.

நாங்க கேக்கிறது இதுதான். ஸ்டெம் செல் ஏத்தின ஆள் மூச்சு எடுக்க ஏலாதெண்டு வந்தா, ரத்தம் வருதா எண்டு கேட்டுக்கொண்டு நிக்காம உடன ஒட்சிசன், எக்ஸ்ரே, பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற அணு) பாருங்க, ஏத்தின வாட்டுக்கு அப்பவே போன் எடுங்க. இத ஒரு சுற்றுநிருபமா எல்லா ஓபிடிக்கும் அனுப்புங்க.

இன்னொண்டு. ஆஸ்பத்திரியால விடேக்க தாற டயக்னோசிஸ் காட் இங்கிலிஷ்ல, கவனமா இருக்கச்சொல்லித் தந்த துண்டு சிங்களத்தில, எங்கட அக்காவுக்கு ரெண்டும் வாசிக்கத் தெரியாது. தமிழும் அரச கரும மொழி எண்டு 1987லயே சட்டம் வந்திட்டுது, உயிர் போற விஷயத்தில கூட ஒரு துண்டு தமிழ்ல அடிக்க ஏலாதா, இன்னும் எவ்வளவு காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டக் கொண்டுபோய்க் குடுத்து வாசிக்கிறது? கோவத்தில எழுதிட்டன், மன்னிக்கவேணும், ஆனா சொன்னது சொன்னதுதான்.

மூதூர்ல ஒருத்தர் இதே சிகிச்சைக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார். அவர் வீட்ட வாறதுக்கு முதல் அந்தச் சுற்றுநிருபம் எங்கட ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேரவேணும். எப்ப அனுப்புவீங்க எண்டு தயவுசெய்து எழுத்தில பதில் தாங்க.