பாறைக்காக இல்லை, மீனுக்காக

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மிகிங்கோ தீவைப் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. விக்டோரியா ஏரியில் கால்பந்து மைதானத்தில் பாதிகூட இல்லாத பாறை, அதற்குப் போய் கென்யாவும் உகாண்டாவும் அடித்துக்கொள்கின்றன என்று வேடிக்கைச் செய்தியாக முடித்துவிட்டீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை.

பாறை சின்னதுதான். 2009 கென்யக் கணக்கெடுப்பில் அங்கே 131 பேர். தகரக் கொட்டகைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, நடுவிலேயே கடை, பார், முடிதிருத்தும் இடம் எல்லாம். இவ்வளவு நெருக்கடியில் ஏன் கிடக்கிறார்கள்? நைல் பெர்ச் மீனுக்காக. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஏரியில் கொண்டுவந்து விட்ட மீன், ஆளுயரத்துக்கு வளரும். ஐரோப்பா வரை போகிறது, அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் நல்ல விலை. கரையோரம் மீன் குறைந்துபோக, ஆழத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பாறையில் வந்து தங்கினார்கள்.

1926-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட எல்லைப்படி பாறை கென்யா பக்கம், கோட்டிலிருந்து சில நூறு மீட்டர்தான். 2009-ல் உகாண்டா அதிபர் முசெவேனியே தீவு கென்யாவுடையது, ஆனால் கென்ய மீனவர்கள் உகாண்டா தண்ணீரில் பிடிக்கிறார்கள் என்று சொன்னார். அதாவது படுக்க இடம் உண்டு, படகைத் தள்ளினால் கொஞ்ச நேரத்தில் அடுத்த நாடு. உகாண்டா போலீஸ் பிடிக்கிறது, மீனைப் பறிக்கிறது என்று கென்ய மீனவர்கள் பலமுறை புகார் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பாம்பனில் பிறந்தவள். கச்சத்தீவு 1974-ல் அந்தப் பக்கம் போனது. 1976-க்குப் பிறகு அதைத் தாண்டிய தண்ணீரும் எங்களுக்கு இல்லை. வலை போட்டால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போகும். ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அப்பா வலை இழுப்பார். கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று பாதி வலையை அறுத்து விட்டுவிட்டு வந்த இரவு உண்டு. விடிந்ததும் மிச்ச வலையை முற்றத்தில் விரித்து, எத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) போனது என்று அம்மா கையால் அளந்துகொண்டிருந்தாள்.

மிகிங்கோவைப் பற்றி மறுபடி எழுதினால், பாறையின் அளவை விட்டுவிட்டு, அந்தத் தண்ணீரில் யார் வலை போடலாம், பிடிபட்டால் மீனும் படகும் என்ன ஆகும் என்று விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் வாசகி